பதிமூன்றா, ஆறா? ஃபாரடேயின் 1825 அளவீடுகளை வைத்து ஒரு வாய்ப்பாட்டு ஆய்வு

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு நான் வருடாவருடம் கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு தூய திரவம். அதில் கார்பன் 91.71%, ஹைட்ரஜன் 8.30%. எளிய விகித வாய்ப்பாடு, அதாவது அணுக்களின் எண்ணிக்கை மிகச் சிறிய முழு எண் விகிதத்தில், என்ன? கேள்வி இவ்வளவுதான்.

புத்தகத்தில் வருகிற கணக்குகள் மாதிரி இது முழு எண்ணில் வந்து உட்காராது. பாதிப் பேர் சிஹெச், அதாவது ஒரு கார்பனுக்கு ஒரு ஹைட்ரஜன், என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். போன வருடம் ஒரு பையன் மட்டும் அரை மணி நேரம் கால்குலேட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். “சார், சிஹெச் இல்ல சார். சி பதிமூணு, ஹெச் பதினாலு. போட்டுப் பாருங்க, அப்படியே வருது.”

போட்டுப் பார்த்தேன். 13 கார்பன் 156.14, 14 ஹைட்ரஜன் 14.11, மொத்தம் 170.25. கார்பன் 91.71%. இரண்டாவது தசம இடம் வரை பிசகாமல் பொருந்துகிறது. சிஹெச் என்று எடுத்தால் கார்பன் 92.26% வர வேண்டும். அதைவிட இவன் சொன்னது அழகாகப் பொருந்துகிறது. ஆனாலும் விடை தவறு.

அவன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்த எண்கள் நான் உட்கார்ந்து இட்டுக்கட்டியவை அல்ல. மைக்கேல் ஃபாரடே 1825 ஜூன் 16 அன்று லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைத்த ஆய்வறிக்கையில் இருக்கும் அளவுகளிலிருந்து வந்தவை. பென்சீன் என்று இன்று நாம் சொல்லும் பொருள் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டு எடைபோடப்பட்ட நிகழ்வு அது.

திரவம் வந்த வழி

அப்போது லண்டனில் எண்ணெயிலிருந்து விளக்கு வாயு தயாரித்து விற்றார்கள். திமிங்கல எண்ணெய் போன்றவற்றைப் பழுக்கக் காய்ந்த இரும்புக் கலனில் சொட்டவிட்டால் அது சிதைந்து வாயுவாகும். அந்த வாயுவை ஏறக்குறைய 30 வளிமண்டல அழுத்தத்தில் உருளைகளில் அடைத்து வீடுகளுக்கு எடுத்துப்போவார்கள். கிட்டத்தட்ட நம் சிலிண்டர் மாதிரிதான். அழுத்தும்போது அடியில் ஒரு திரவம் தேங்கும். ஆயிரம் கன அடி வாயுவுக்கு ஏறக்குறைய ஒரு காலன். இந்தத் திரவம்தான் ஃபாரடேயின் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு 33 வயது. அந்த வருடம் பிப்ரவரியில்தான் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வகத்தின் இயக்குநராகியிருந்தார்.

திரவம் ஒரு கலவை. கலவையை எரித்துச் சதவீதம் கண்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. எதன் வாய்ப்பாடு என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால் அவர் முதலில் பிரித்தார். மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்து, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைப் பகுதியில் கொதிக்கும் பங்கைத் தனியாக எடுத்து, பாரன்ஹீட் சுழி அளவுக்குக் குளிர்வித்தார். ஒரு பகுதி படிகமாக உறைந்தது. உறையாததைப் பிழிந்து வெளியேற்றினார். மறுபடி உருக்கி, மறுபடி உறையவைத்து, மறுபடி பிழிந்து... இப்படி.

கடைசியில் கிடைத்த பொருள் 42 டிகிரி பாரன்ஹீட்டில் உருகியது. அதாவது 5.6 டிகிரி செல்சியஸ். இன்று பென்சீனின் உருகுநிலை 5.5. கொதிநிலையை 186 பாரன்ஹீட், அதாவது 85.5 செல்சியஸ் என்று குறித்திருக்கிறார்; உண்மையில் 80.1. இந்த ஐந்து டிகிரி வித்தியாசம் கொஞ்சம் உறுத்தும். ஆனால் பொருள் தூயதா என்று பார்க்க உருகுநிலைதான் நம்பகமான சாட்சி. கலப்படம் இருந்தால் உருகுநிலை சட்டென்று கீழே இறங்கிவிடும். இங்கே அது இறங்கவில்லை.

ஐம்பது மில்லிகிராமை எரித்தபோது

பழுக்கக் காய்ச்சிய தாமிர ஆக்சைடின் மேல் ஆவியைச் செலுத்தினால் கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் முழுவதும் நீராகவும் மாறும். வாயுவைக் கன அளவில் அளக்கலாம், நீரை எடைபோடலாம். ஃபாரடே இதைப் பல முறை செய்தார். அவற்றில் ஒன்று இது. 0.776 கிரெய்ன் பொருள் எரிந்து 5.6 கன அங்குலம் கார்பன் டை ஆக்சைடும் 0.58 கிரெய்ன் நீரும் கொடுத்தது.

கிரெய்ன் என்பது பழைய ஆங்கிலேய எடை. ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். ஆக அவர் எரித்தது வெறும் 50.3 மில்லிகிராம். இரண்டு நெல்மணிகளின் எடைக்குச் சரியாக இருக்கும். கிடைத்த வாயு சுமார் 92 மில்லிலிட்டர், நீர் 37.6 மில்லிகிராம், அதாவது ஒரு துளிகூட முழுசாக இல்லை.

நீரின் எடையில் ஒன்பதில் ஒரு பங்கு ஹைட்ரஜன் என்பது அன்றைக்கே தெரியும். 0.58-ஐ 9 ஆல் வகுத்தால் 0.0644 கிரெய்ன். வாயுவிலிருந்து கார்பன் 0.7117 கிரெய்ன் என்று கணக்கிட்டார். இரண்டையும் கூட்டினால் 0.7761. எடுத்த எடை 0.776. வேறு தனிமம் எதுவும் இல்லை, ஆக்சிஜன் இல்லை என்பது இந்தக் கூட்டலிலேயே தெரிந்துவிடுகிறது. மாணவர்கள் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். சதவீதங்களைக் கூட்டிப் பார்த்து 100 வருகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. வராவிட்டால் மீதி ஆக்சிஜனாக இருக்கலாம், அளவீட்டுப் பிழையாகவும் இருக்கலாம்.

சரி, இப்போது வழக்கமான வழி. 100 கிராம் எடுத்துக்கொண்டால் கார்பன் 91.71 கிராம், ஹைட்ரஜன் 8.30 கிராம். அணு நிறையால் வகுத்தால் எத்தனை மோல் (அணுக்களை எண்ணும் அலகு) என்று வரும்: கார்பன் 7.636 மோல், ஹைட்ரஜன் 8.234 மோல். சிறியதால் வகுத்தால் 1 : 1.078.

இந்த 1.078-ஐ என்ன செய்வது?

இங்கேதான் மொத்த விஷயமும் இருக்கிறது. 1.5 வந்தால் இரண்டால் பெருக்கு, 1.33 வந்தால் மூன்றால், 1.25 வந்தால் நான்கால் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். 1.078 வந்தால்? “கிட்டத்தட்ட ஒன்று” என்று விட்டுவிடு என்கிறோம். எவ்வளவு தூரம் வரை கிட்டத்தட்ட என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பையன் 13 ஆல் பெருக்கினான், 14.01 வந்தது. விதிப்படி பார்த்தால் அவன் செய்ததுதான் சரி.

பிழை எங்கே நுழைகிறது என்று பாருங்கள். உண்மையான பென்சீனில் கார்பன் 92.26, ஹைட்ரஜன் 7.74. ஃபாரடேயின் எண்களில் கார்பன் அரை சதவீதம் குறைவு, ஹைட்ரஜன் அரை சதவீதம் அதிகம். இரண்டிலும் ஒரே அளவு பிசகு. ஆனால் மோலாக மாற்றியவுடன் கார்பன் 7.68-லிருந்து 7.64-க்கு லேசாக அசைகிறது, ஹைட்ரஜனோ 7.68-லிருந்து 8.23-க்குத் தாவுகிறது. ஹைட்ரஜன் இலேசான அணு. எடையில் கையளவு பிழை அணு எண்ணிக்கையில் கூடையளவாகிவிடும். ஹைட்ரோகார்பன் கணக்குகளில் விகிதம் ஒட்டாமல் நிற்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹைட்ரஜனைத்தான்.

அந்த அதிக ஹைட்ரஜன் எங்கிருந்து வந்திருக்கும்? 50.3 மில்லிகிராம் பென்சீன் எரிந்தால் 34.8 மில்லிகிராம் நீர்தான் வர வேண்டும். அவர் எடைபோட்டது 37.6. வித்தியாசம் மூன்று மில்லிகிராமுக்கும் குறைவு. தாமிர ஆக்சைடு தூள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எரிப்புப் பகுப்பாய்வு செய்தவர்கள் எல்லோரையும் தொல்லைப்படுத்திய விஷயம் இது. இங்கேயும் அதுதான் நடந்திருக்கும் என்பது என் கணிப்பு. கார்பன் பக்கம் பாருங்கள்: அதே அளவு பென்சீன், அறை வெப்பநிலையில் சுமார் 91.5 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடு கொடுக்க வேண்டும். அவர் அளந்தது 91.8. இருநூறு வருடத்துக்கு முன்னால், கையால் செய்த கண்ணாடிக் குழாயில். எனக்கு இந்த இடத்தில் மெய்சிலிர்க்கும். வாயுவை அவர் அளந்ததில் குறையே இல்லை, ஒட்டிக்கொண்டது ஈரம்தான்.

ஆனால் 1825-இல் உட்கார்ந்திருக்கும் ஃபாரடேக்கு 92.26 என்ற உண்மை எண் தெரியாது. நமக்கும் பரீட்சை ஹாலில் தெரியாது. அரை சதவீதப் பிழையை அனுமதித்தால் 11 கார்பன் 12 ஹைட்ரஜன் (91.61%), 13க்கு 14 (91.71%), 15க்கு 16 (91.78%) எல்லாமே வரிசையில் வந்து நிற்கும். வெறும் சதவீதத்தை வைத்துக்கொண்டு இவற்றில் எதையும் வெளியே அனுப்ப முடியாது.

ஆவி என்ன சொன்னது

ஃபாரடே அந்தப் பொருளின் ஆவியையும் எடைபோட்டார். அதே கன அளவு ஹைட்ரஜன் வாயு 1 என்றால், இந்த ஆவி ஏறக்குறைய 40. இதைத்தான் ஆவி அடர்த்தி என்கிறோம்.

இன்றைய மொழியில் சொன்னால் மூலக்கூறு நிறை, ஆவி அடர்த்தியைப்போல் இரு மடங்கு. ஏனென்றால் ஒப்பிடும் ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இருக்கின்றன. ஆக 80. பையனின் சி₁₃ஹெச்₁₄ சரியென்றால் ஆவி அடர்த்தி 85 வந்திருக்க வேண்டும். பாதிகூட வரவில்லை. 11-12 ஜோடிக்கு 72, 15-16 ஜோடிக்கு 98. எல்லாம் ஒரே அடியில் வெளியே போயின.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப மூலக்கூறு நிறை 80-ன்னா சி ஆறு, ஹெச் எட்டு சரியா வருதே சார்?” என்றான். ஆமாம், 72.07-உம் 8.06-உம் சேர்ந்து 80.13. அச்சாக வருகிறது! எனக்கே அந்த நேரம் வரை தோன்றாத கேள்வி அது. இரண்டு நாளாக அவன் கேட்ட இரண்டும் தவறான விடைகள்தான், ஆனால் இரண்டும் இந்த ஆய்வின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டன.

சதவீதத்தை மட்டும் நம்பினால் சி₁₃ஹெச்₁₄. ஆவி அடர்த்தியை மட்டும் நம்பினால் சி₆ஹெச்₈. இரண்டு அளவீடும் தனித்தனியே, நல்ல பொருத்தத்தோடு, தவறான இடத்துக்குக் கூட்டிப்போகின்றன. சேர்த்து வைத்தால்தான் விடை கிடைக்கும். சி₆ஹெச்₈ என்றால் ஹைட்ரஜன் 10.06% இருக்க வேண்டும். அளந்தது 8.30. அரை சதவீதம் தவறலாம், ஒன்றேமுக்கால் சதவீதம் இவ்வளவு கவனமான கையில் தவறாது. சிஹெச் அலகின் நிறை 13.02, 80-ஐ அதனால் வகுத்தால் 6.14. ஆறு. சி₆ஹெச்₆-இன் நிறை 78.11, ஆவி அடர்த்தி 39. அளந்த 40-க்கும் இதற்கும் வித்தியாசம் இரண்டரை சதவீதம்தான்.

இரண்டு அளவீடுகளும் பிழையை எவ்வளவு தாங்கும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. எடைச் சதவீதத்தில் அரை சதவீதம் தவறினால் எளிய விகிதமே கவிழ்ந்துவிடுகிறது. ஆவி அடர்த்தியில் இரண்டரை சதவீதம் தவறினாலும் 6.14 ஆறாகத்தான் இருக்கிறது. ஏழாக மாற வேண்டுமென்றால் பிழை எட்டு சதவீதத்தைத் தாண்ட வேண்டும். எளிய விகிதத்தை முதலில் முடித்துவிட்டு அப்புறம் மூலக்கூறு வாய்ப்பாட்டுக்குப் போ என்று படிகளாக நாம் எழுதிக்கொடுக்கிறோம். நிஜமான எண்கள் கையில் இருக்கும்போது நான் அப்படிச் செய்வதில்லை. மூலக்கூறு நிறை தெரிந்தால் அதை நேராகச் சதவீதத்தால் பெருக்குவேன். 80-இல் 91.71% கார்பன், 12.01 ஆல் வகுத்தால் 6.11. ஹைட்ரஜன் 6.59. கார்பன் ஆறு என்பது உறுதி. 6.59 ஆறா ஏழா? கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் உள்ள நிலையான மூலக்கூறில் ஹைட்ரஜன் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான். ஆறு, எட்டு இரண்டில் 6.59-க்குப் பக்கத்தில் இருப்பது ஆறு.

இதிலும் திருப்தி இல்லாதவர்களுக்கு மூன்றாவது சாட்சி உண்டு. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. ஃபாரடே அந்த ஆவியை ஆக்சிஜனோடு கலந்து வெடிக்கவைத்தார். ஒரு பங்கு ஆவிக்கு ஏறக்குறைய ஏழரைப் பங்கு ஆக்சிஜன் செலவானது. ஆறு பங்கு கார்பன் டை ஆக்சைடு உண்டானது. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் கன அளவின் விகிதம் மூலக்கூறுகளின் விகிதம் என்பது அவோகாட்ரோ 1811-இல் சொன்ன கருத்து. ஒரு மூலக்கூறிலிருந்து ஆறு கார்பன் டை ஆக்சைடு வந்தால் உள்ளே ஆறு கார்பன். அதற்கு ஆறு ஆக்சிஜன் மூலக்கூறு போக மீதி ஒன்றரை, ஹைட்ரஜனோடு சேர்ந்து மூன்று நீர். மூன்று நீருக்கு ஆறு ஹைட்ரஜன். தராசே வேண்டாம், ஈரத் தொல்லையும் இல்லை. சி₆ஹெச்₈ ஆக இருந்தால் எட்டுப் பங்கு ஆக்சிஜன் கேட்டிருக்கும். சி₁₃ஹெச்₁₄ பதினாறரைப் பங்கு.

ஃபாரடே எழுதிய வாய்ப்பாடு

இவ்வளவும் செய்த ஃபாரடே, பொருளுக்கு வைத்த பெயர் “ஹைட்ரஜனின் பைகார்பரெட்”. ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு இரண்டு பங்கு கார்பன் என்று பொருள். சிஹெச் அல்ல, சி₂ஹெச்!

அவர் தவறவில்லை. அன்று இங்கிலாந்தில் பலரும் ஹைட்ரஜனை 1 என்று வைத்துக் கார்பனை 6 என்று கொண்டார்கள். எடையில் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 12 பங்கு கார்பன் வந்தால், அந்தக் கணக்கில் இரண்டு கார்பன். ஒரு கன அளவு ஆவியில் ஆறு பங்கு கார்பன் (36), மூன்று பங்கு ஹைட்ரஜன் (3), ஆக 39 என்று கூட்டி, அது தாம் அளந்த 40-ஓடு ஒத்துப்போவதையும் காட்டினார். நாம் இன்று 78 என்று எழுதுவதில் சரியாகப் பாதி.

சதவீதத்திலிருந்து வாய்ப்பாட்டுக்குப் போகும் பாலம் அணு நிறை. அந்த எண் மாறினால் அதே சோதனை வேறு வாய்ப்பாட்டைக் கொடுக்கும். நாம் அட்டவணையைப் பார்த்து 12.01 என்று ஒரு நொடியில் எழுதிவிடுகிறோம். அந்த 12-க்கு வந்து சேர வேதியியலாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 1858-இல் இத்தாலியின் கனிசாரோ, அவோகாட்ரோவின் கருத்தை எடுத்து ஆவி அடர்த்திகளை வரிசைப்படுத்தி அணு நிறைகளைச் சரிசெய்தார். 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் நடந்த வேதியியலாளர் மாநாட்டின் முடிவில் அவருடைய சிறு நூல் வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. குழப்பம் தெளியத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

அதே அறிக்கையில் இன்னொரு பொருள்

பென்சீன் மிகப் பிரபலமாகிவிட்டதால் அதே அறிக்கையில் இருக்கும் இரண்டாவது பொருளைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதே எண்ணெய் வாயுத் திரவத்தில், நீரின் உறைநிலைக்கும் கீழே கொதித்துவிடும் மிக இலேசான ஒரு பங்கு இருந்தது. அதை ஃபாரடே பகுத்துப் பார்த்தபோது கார்பனும் ஹைட்ரஜனும் எத்திலீனில் இருக்கும் அதே விகிதத்தில் இருந்தன. இன்றைய கணக்கில் கார்பன் 85.6%, ஹைட்ரஜன் 14.4%. எளிய விகித வாய்ப்பாடு சிஹெச்₂. எத்திலீனுக்கும் அதேதான்.

அப்படியானால் இது எத்திலீன்தானா? அடர்த்தியைப் பார்த்தார். ஹைட்ரஜனோடு ஒப்பிட எத்திலீன் 14. இது 27-க்கும் 28-க்கும் இடையே. ஆக்சிஜனோடு வெடிக்கவைத்தால் ஒரு பங்குக்கு ஆறு பங்கு ஆக்சிஜன் செலவாகி, நான்கு பங்கு கார்பன் டை ஆக்சைடு. எத்திலீனுக்கு மூன்றும் இரண்டும்தான். ஒரே இயைபு, இரட்டிப்புக் கனம், வேறு குணம். ஒரே தனிமங்கள் ஒரே விகிதத்தில் சேர்ந்தும் வேறுவேறு பொருளாக இருக்க முடியும் என்று ஃபாரடே வெளிப்படையாக எழுதினார். முந்தைய வருடங்களில் ஜெர்மன் வேதியியலாளர்கள் லீபிக்கும் வோலரும் வெள்ளி ஃபல்மினேட்டும் வெள்ளி சயனேட்டும் ஒரே சதவீத இயைபில் இருப்பதைக் கண்டு திகைத்திருந்தார்கள். ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ், ஒரே இயைபுள்ள வேறுவேறு பொருள்களுக்கு 1830-இல் ஐசோமர் என்ற சொல்லையும், ஒரே விகிதம் மடங்காக வரும் இந்த மாதிரிக்குச் சில வருடங்களில் பாலிமர் என்ற சொல்லையும் உருவாக்கினார். பிளாஸ்டிக்கை வைத்து நாம் இன்று சொல்லும் பாலிமர், முதலில் இந்த அர்த்தத்தில்தான் பிறந்தது.

பென்சீனின் விகிதத்தைப் பங்குபோடுவதற்கும் ஆள் உண்டு. வெல்டிங் பட்டறையில் எரியும் அசிட்டிலீனிலும் தெர்மாகோலின் மூலப்பொருளான ஸ்டைரீனிலும் கார்பன் அதே 92.26%. ஆவி அடர்த்தி முறையே 13, 52. ஸ்டைரீனின் சி₈ஹெச்₈ வாய்ப்பாட்டையே அப்படியே கொண்ட கியூபேன் என்ற கனசதுர மூலக்கூறை 1964-இல் சிகாகோவில் தயாரித்தார்கள். அங்கே ஆவி அடர்த்தியும் பேசாது.

அந்தப் பையனுக்கு இந்த இரண்டாவது பொருளின் எண்களை மட்டும் எழுதிக் கொடுத்தேன், பெயர் சொல்லாமல். அடர்த்தி 27 அல்லது 28, ஆக்சிஜன் ஆறு, கார்பன் டை ஆக்சைடு நான்கு. இந்தத் தடவை அவன் சதவீதத்தைத் தொடவே இல்லை. நாலு கார்பன், மீதி ரெண்டு ஆக்சிஜன், நாலு நீர், எட்டு ஹைட்ரஜன், நிறை 56, அடர்த்தி 28 என்று ஒரே மூச்சில் எழுதி சி₄ஹெச்₈ என்று கோடு போட்டான். பக்கத்தில் பியூட்டீனின் வடிவங்களை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே போனான். நான்காவது வரைந்ததும் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டான்: “இதுல எது சார் அவர் கையில இருந்தது?”

அந்த எண்களில் அதற்கு விடை இல்லை என்றேன்.